ஹேண்டிகேப்: ஜெயித்த குதிரைக்கே கூடுதல் எடை

நண்பர்களே, 'ஹேண்டிகேப்' என்றதும் குறைபாடு, பின்னடைவு என்றுதான் நமக்குத் தோன்றும். குதிரைப் பந்தயத்தில் அந்தச் சுமை நோஞ்சான் குதிரைக்குக் கிடையாது. ஜெயித்துக் காட்டிய குதிரைக்குத்தான்.

ஓடப்போகும் குதிரைகளின் பழைய ஓட்டங்களை அலசி, எது எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி முடிவு செய்வார். அவர்தான் ஹேண்டிகேப்பர். எல்லாக் குதிரைகளும் ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பது அவர் போடும் கணக்கு. அதனால் இருப்பதிலேயே கெட்டிக்காரக் குதிரைக்கு 'டாப் வெயிட்', அதாவது எல்லாவற்றிலும் அதிக எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்தும் எடை போதவில்லையா? சேணத்துக்கு அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு மறுபடி தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் வெற்றி போச்சு.

டெர்பி போன்ற பந்தயங்கள் வேறு. அங்கே ஆண் குதிரைகளுக்கெல்லாம் ஒரே எடைதான். எது சிறந்தது என்று பார்ப்பதே நோக்கம்.

நன்றாக ஓடியதற்குத் தண்டனையா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குதிரைக்குக் கிடைக்கும் உச்ச மரியாதை அந்த டாப் வெயிட்தான்.

1973-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயம். நாலரை மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம், 30 தடைகள். ஆஸ்திரேலியக் குதிரை கிறிஸ்ப் மீது 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ. போட்டியில் ஓடிய ரெட் ரம் என்ற இன்னொரு குதிரை சுமந்தது அதைவிடப் பத்து கிலோவுக்கு மேல் குறைவு. கிறிஸ்ப் மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, தடைகளைத் தனியாகத் தாண்டிக்கொண்டே போனது. கடைசித் தடையைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பத்து கிலோ வேலையைக் காட்டியது. கால்கள் தள்ளாடின, நேராக ஓட முடியவில்லை. எல்லைக்கோட்டுக்குச் சில எட்டுகளே இருக்கும்போது ரெட் ரம் எட்டிப் பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டுமே பழைய சாதனை நேரத்தை முறியடித்திருந்தன.

அதே ஆண்டில் பிறகு இங்கிலாந்தின் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையோடு மோதின. ஜெயித்தது கிறிஸ்ப். அடுத்த ஆண்டு கிராண்ட் நேஷனலில் ஹேண்டிகேப்பர் அந்த 12 ஸ்டோனை ரெட் ரம் முதுகில் ஏற்றினார். அதையும் சுமந்து அது மறுபடி ஜெயித்தது.