உள்ளே இருக்கிற பெண்ணுக்கு என்ன பதில்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சூப்பர்நேச்சுரல் ரசிகர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பேய் புகுந்த மனிதர்களை டீனும் சாமும் ரூபியின் கத்தியால், அதாவது ரூபி என்ற பேய் கொண்டுவந்த, பேயையே கொல்லும் கத்தியால், குத்திக் கொன்றது சரியா, தவறா? தவறு என்று சொல்ல வந்திருக்கிறேன். பாதி தவறு, முக்கால் தவறு என்று பேரம் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை.

தொடரைப் பார்க்காமல் துணைக்கு வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2005-லிருந்து 2020 வரை 15 சீசன், 327 எபிசோடு ஓடிய அமெரிக்கத் தொடர் இது. அண்ணன் டீன், தம்பி சாம், இரண்டு பேருக்கும் பேய் வேட்டைதான் பிழைப்பு. இதில் வரும் பேய் கரும்புகையாக வந்து யாராவது ஒருவரின் வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும், கண் முழுக்கக் கறுத்துப் போகும். தேவதூதன் ஒரு உடம்புக்குள் வரவேண்டும் என்றால்கூட அந்த மனிதர் சம்மதிக்க வேண்டும், ஆனால் பேய் யாரையும் கேட்காது. அதனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் எந்தப் பாவமும் செய்யாதவர், இதை எதிரணியும் மறுக்க முடியாது.

இப்போது பேய் புகுந்த மெக் மாஸ்டர்ஸ் என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன், என் வழக்கே அவள்தான். முதல் சீசன் கடைசி எபிசோடில், இவர்களுக்குத் துணையாக இருக்கும் வேட்டைக்காரர் பாபியின் வீட்டுக் கூரையில் வரைந்த, பேயைச் சிக்கவைக்கும் சக்கரத்துக்குக் கீழே அவளை நாற்காலியில் கட்டி வைத்து சாம் பேயோட்டும் லத்தீன் மந்திரம் படிக்கிறான். அந்த உடம்பு ஏற்கனவே மாடியிலிருந்து விழுந்து நொறுங்கியது, பேய் வெளியே போனால் பெண் பிழைக்கமாட்டாள் என்று பாபி சொல்கிறார். பேய் போகிறது. அவள் அவளாகவே கண் திறக்கிறாள், ஒரு வருஷம் ஆகிவிட்டது என்கிறாள், நன்றி சொல்கிறாள். செத்துக்கொண்டிருக்கும்போதும், பேய்கள் பிடித்துவைத்திருந்த இவர்களுடைய அப்பா எங்கே இருக்கிறார் என்பதற்குத் தன்னால் முடிந்த துப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். தன் உயிர் போகிற நேரத்தில் யார் வீட்டு அப்பாவுக்கோ உதவினாள் அந்தப் பெண்.

நான்காம் சீசனில் அவளே ஆவியாக வந்து டீன் எதிரில் நிற்கிறாள். நான் காலேஜில் படித்த பெண், வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தக் கரும்புகை என்னைப் பிடித்துக்கொண்டது, அப்புறம் நடந்த ஒவ்வொரு கொலையையும் உள்ளே முழித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறாள். ஐம்பது வார்த்தை லத்தீனைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேனே என்று கேட்கிறாள். இவளை இழந்த துக்கத்தில் தங்கையும் உயிரை விட்டிருக்கிறாள். டீனால் மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியவில்லை, அந்தக் காட்சியை மறந்துவிட்டு இந்தத் தொடரை யாரும் பேசக்கூடாது என்று நான் நினைக்கிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும், மூன்றாம் சீசன் தொடக்கத்தில் ரூபியோடு வந்த அந்தக் கத்தியை அவர்கள் கீழே வைக்கவில்லை. சாமே ஒரு இடத்தில் வாய்விட்டுச் சொல்கிறான்: கத்தி உள்ளே இருப்பவரையும் கொல்கிறது, நான் மனதால் பேயை வெளியே இழுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள் என்று. அவன் அதற்காகப் பேயின் ரத்தம் குடித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கத்தியைப் பற்றி அவன் சொன்னது உண்மை.

நம்ம பக்கம் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு அக்காவுக்குச் சாமி வந்துவிட்டால் அடுத்த நொடியே பின்னாலிருந்து இரண்டு பேர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், ஒருத்தி புடவையைச் சரி செய்வாள், ஒருத்தி வேப்பிலையோடு நிற்பாள், சாமி மலையேறிய பிறகு தண்ணீர் கொடுத்து ஓரமாக உட்கார வைத்து விசிறுவார்கள். வந்தது யாராக இருந்தாலும் உடம்பு நம்ம அக்காவுடையது, அடிபடக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்குக் கவலை. அந்தக் கவலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோய் வந்தவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். தொடரில் வருவது பேய், அங்கே இருந்தது நோய், இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. உள்ளே ஒரு மனுஷர் இருக்கிறார் என்பதை மறப்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் நன்றாகவே பேசினார். மந்திரம் சொல்லித் துரத்தினால் பேய் நரகத்துக்குப் போய்த் திரும்பி வரும், மெக்குக்குள் இருந்த அதே பேய் இரண்டாம் சீசனில் சாமுக்குள்ளேயே வந்து ஸ்டீவ் வான்டெல் என்ற வேட்டைக்காரரைக் கொன்றதே என்றார். சரி, கொன்றது. அப்போது டீன் என்ன செய்தான் நண்பரே? என்னைச் சுட்டுவிடு என்று தம்பி முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பேயே துப்பாக்கியைக் கையில் திணித்தும் சுடவில்லை. பாபி புனித நீர் கலந்த பீரைக் கொடுத்துக் கண்டுபிடித்தார், பேயை உடம்புக்குள் பூட்டிவைக்கக் கையில் போட்டிருந்த குறியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள், பேய் ஓடியது, தம்பி பிழைத்தான். தன் வீட்டுப் பிள்ளை என்றதும் பொறுமை, யோசனை, மாற்று வழி எல்லாம் வருகிறது. ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் கத்தி.

போர்க்களத்தில் மந்திரம் படிக்க ஏது நேரம் என்றும் கேட்டார். மூன்றாம் சீசனில் கொலராடோவில் ஒரு போலீஸ் ஸ்டேஷனைப் பேய்க் கூட்டமே சூழ்ந்துகொண்டபோது, நான்சி என்ற பெண்ணைப் பலி கொடுத்தால் எல்லாப் பேயையும் முடித்துவிடலாம் என்று ரூபி சொன்னாள். டீன் முடியாது என்றான். கதவைத் திறந்துவிட்டு, லத்தீனைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள், ஒரே நேரத்தில் அத்தனை பேயும் வெளியே போனது. பிறகு லிலித் என்ற பெரிய பேய் வந்து அங்கிருந்தவர்களைக் கொன்றாள், அது லிலித்தின் பாவம். அதே எபிசோடில்தான் அண்ணனும் தம்பியும் பேய் அண்டாதபடி நெஞ்சில் குத்தியிருக்கும் பச்சையையும் காட்டுகிறார்கள்.

ஒலிபெருக்கியில் போட ஒரு பதிவு கையில் இருந்தது, பச்சை குத்தவும் தெரிந்திருந்தது. அதற்கப்புறமும் சீசன் சீசனாக முதலில் கத்தி ஏன் வெளியே வந்தது என்பதை எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம், அந்தக் காலேஜ் பெண்ணுக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.