கட்டைவிரல் ஆபரேஷன் முடிந்து 5 வாரம், கால் ஏன் இன்னும் வீங்குகிறது? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை குதிகால் வலி பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து அதில் ஒரு வரி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. எந்த வரி என்று பிறகு சொல்கிறேன், முதலில் வாசித்துவிடுகிறேன்.

"வலது கால் கட்டைவிரல் பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததற்கு ஆபரேஷன் செய்து 5 வாரம் ஆகிறது. தையல் பிரித்துவிட்டார்கள். காலையில் கால் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் புறங்கால் வீங்கி, என் செருப்பே நுழைய மாட்டேன் என்கிறது. ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லையோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் சும்மா படுத்திருக்கவில்லை, முதல் வாரத்திலிருந்தே சமையல், வீட்டு வேலை எல்லாம் நானேதான் பார்க்கிறேன். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. மாசி வீதிக்குப் போய் சாமி பார்க்கலாமா?"

அக்கா, முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 5 வாரத்தில் சாயங்கால வீக்கம் இருப்பதை வைத்து ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதம், 6 மாதம் வரைக்கும் வீக்கம் வந்து வந்து போகும். சிலருக்கு முழுதாக வடிய 1 வருடம்கூட ஆகும். காலையில் வடிந்து சாயங்காலம் ஏறுகிறது என்றால், பகல் முழுக்கக் கால் தொங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

பலருக்கு இது என்ன ஆபரேஷன் என்றே சரியாகச் சொல்லப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டாக்டர் சீட்டில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று எழுதியிருப்பார்கள், பேச்சில் 'பன்னியன்' என்பார்கள். புதிதாக ஒரு எலும்பு முளைத்துவிட்டது, அதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல அடுத்த காலின் பக்கமாகச் சாய்கிறது. கட்டைவிரல் எதிர்ப்பக்கமாக, இரண்டாவது விரல் மேல் போய்ச் சாய்கிறது. இரண்டும் சேருகிற மூட்டு வெளியே தள்ளிக்கொண்டு தெரிகிறது, அதுதான் அந்தத் துருத்தல். வெறுமனே சீவிவிட்டால் சாய்வு அப்படியே இருக்கும். அதனால் பெரும்பாலும் அந்த நீள எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்குரூ போட்டு நிறுத்துகிறார்கள். ஆக, உங்கள் பாதத்துக்குள் இப்போது இருப்பது ஒரு முறிந்த எலும்பு. ஒழுங்காக, அளவெடுத்து முறித்தது. ஆனாலும் முறிந்ததுதான்.

தோல் 2 வாரத்தில் ஆறிவிடும், தையலைப் பிரித்துவிடுவார்கள். எலும்பு கூடுவதற்கு 6 வாரமாவது வேண்டும். சில வகை ஆபரேஷனில், பாதத்தின் நடுவே இருக்கிற மூட்டையே சேர்த்து இறுக்கிவிடுவார்கள், அதற்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும். தையல் பிரித்த அன்று வருகிற தைரியம் இருக்கிறதே, அதைக் கண்டால்தான் எனக்குப் பயம். வெளியே கோடு மாதிரி ஒரு தழும்பு, வலியும் குறைந்திருக்கும். உடனே ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கட்டைச் செருப்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

அக்கா, நீங்கள் "என் செருப்பு நுழையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். 5 வாரத்தில் உங்கள் செருப்பை ஏன் போட்டுப் பார்க்கிறீர்கள்? அடி மடங்காத தட்டையான செருப்போ, குதிகாலில் மட்டும் பாரம் விழுகிற மாதிரியான செருப்போ கொடுத்திருப்பார்கள். நடக்கும்போது முன்பாதம் மடங்கக் கூடாது, வெட்டிய இடத்தில் அசைவு கூடாது, அதற்காகத்தான் அது. தளம் போட்ட மறுவாரமே சென்ட்ரிங் பலகையைப் பிரிப்போமா? 6 வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளேயும் அந்தச் செருப்புதான். ராத்திரி பாத்ரூம் போகிற நாலு எட்டுக்கும் அதுதான். அது உயரமாக இருந்து இடுப்பு வலித்தால், மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் ஒரு செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வீக்கத்துக்கு வருகிறேன். இங்கே நான் எப்போதும் சொல்வதைத்தான் சொல்லப்போகிறேன், பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும்: நெஞ்சுக்கு மேலே கால். முழங்கால் ஆபரேஷனுக்கும் சொன்னேன், கணுக்கால் சுளுக்குக்கும் சொன்னேன். பாதம்தான் உடம்பிலேயே கடைசிப் பள்ளம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே ஏற்றிவிடுகிறது. ஆபரேஷன் ஆன காலில் ஒழுங்காக நடை இல்லை, அதனால் அந்த வேலை நடப்பதில்லை. நீர் அங்கேயே நிற்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது நெஞ்சுக்கு மேலே இல்லை. மல்லாந்து படுக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு மூன்று தலையணை, குதிகால் எதிலும் அழுந்தாமல் வெளியே இருக்க வேண்டும். அப்படியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். முதல் 2 வாரம் விழித்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போக வேண்டும். அதன் பிறகும் 6 வாரம் வரைக்கும் ஒரு வேலை செய்தால் ஒரு படுக்கை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். "நான் சும்மா படுத்திருக்கவில்லை." எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு இந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. கால் எப்போது சரியாகும் என்பதை விட, இந்த 6 வாரமும் அடுப்படியில் யார் நிற்பது என்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தத் தொந்தரவு ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆண்களுக்குக் கால் ஆபரேஷன் என்றால் கட்டிலுக்குச் சாப்பாடு வருகிறது. பெண்களுக்கு ஆபரேஷன் ஆனால் மூன்றாம் நாள் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதோடு நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். திருமங்கலத்துப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். அந்த வீட்டு மருமகளுக்கு இதே ஆபரேஷன். பட்டாசாலையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மாமனார் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவர் தலை தெரிந்தாலே இந்தப் பெண் படக்கென்று எழுந்து காலைக் கீழே தொங்கவிட்டுவிடும். அவர் போன பிறகு மறுபடி தூக்கி வைக்கும். நான் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எத்தனை தடவை! வீக்கம் வடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து போனதற்கு இதுதான் காரணம். அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பயனில்லை என்று நேரே மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு விஷயமே தெரியாது. தெரிந்ததும் அவரே இன்னொரு தலையணையை எடுத்து வந்து கட்டில் ஓரமாக வைத்துவிட்டு, "ஏத்தா, நான் வந்தா காலை இறக்காத, அப்படியே இரு" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு வேலையே பாதியாகிவிட்டது. ஆகவே மாமியார், மாமனார், கணவர் யார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்கிறேன்: நீங்கள் வாய்விட்டு ஒரு தடவை சொல்லுங்கள். வைத்தியத்தில் அதுவும் சேர்த்திதான்.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து வீட்டில் கட்டி விற்கிற அம்மா ஒருவரும் வந்தார். எனக்கு ஒரு நாள் கை ஓய்ந்தாலும் வரும்படி இல்லை என்றார். நியாயம்தானே? அவருக்குச் செய்ததைச் சொல்கிறேன், உங்களில் சிலருக்கு உதவும். கால் மேலே, முதுகுக்கு ஒரு சாய்வு கொஞ்சமாக, வயிற்றின் மேல் ஒரு முறம். முறத்தில் மல்லிகை, பக்கத்தில் நனைத்த நார். படுத்தபடியே முழம் முழமாகக் கட்டினார். மார்க்கெட்டுக்குப் போய் வருவதை மகன் எடுத்துக்கொண்டான். வெற்றிலையோடு புகையிலை போடுவதை மட்டும் அந்த 6 வாரம் நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன், ஏனென்றால் புகையிலையில் இருக்கிற நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். பீடி, சிகரெட்டுக்கும் அதே கதைதான்.

எந்த வேலை கூடாது என்று கேட்பீர்கள். குந்தி உட்காருகிற எதுவுமே கூடாது. குந்தும்போதும் தரையிலிருந்து எழும்போதும் உடம்புப் பாரம் முழுவதும் அந்தக் கட்டைவிரல் மூட்டை மடக்கித்தான் இறங்குகிறது. வாசலில் கோலம் போடுவது, குனிந்து குந்திப் பெருக்குவது, இந்தியன் டாய்லெட், மூன்றும் அதே மடக்கல்தான். நடுவில் ஓட்டை வைத்த கமோட் நாற்காலி வாடகைக்கே கிடைக்கிறது, ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப் போட்டுவிடுங்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கட்டு நனையாமல் காலுக்கு ஒரு கவர். வலது காலில் ஆபரேஷன் ஆனவர்கள் கார், பைக் பிரேக்கை மிதிக்கும் பலம் வந்துவிட்டதா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஓட்டலாம், பொதுவாக அதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும்.

மெட்டி பற்றியும் நிறையப் பேர் கூச்சத்தோடு கேட்கிறீர்கள். வீக்கம் ஏறும்போது மெட்டி விரலை இறுக்கிவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். அதைச் சாமி அறையில் வைத்துவிட்டு, வீக்கம் வடிந்த பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் வராது.

அப்புறம், மூட்டுப் பயிற்சி. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல் கட்டை மாதிரி விறைத்துப்போய்விட்டது என்று வருகிறவர்கள் அதிகம். தையல் பிரித்த பிறகு, டாக்டர் ஆரம்பிக்கலாம் என்று சொன்னதும் இதைச் செய்ய வேண்டும். ஒரு கையால் பாதத்தைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கையால் கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடியில், மூட்டுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நுனியைப் பிடித்தால் நடுக்கணுதான் மடங்கும், நமக்கு வேண்டிய மூட்டு மடங்காது. மெல்ல மேலே, மெல்லக் கீழே. இழுப்புத் தெரிகிற வரைக்கும் போகலாம், சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். செருப்பைக் கழற்றி நடக்க ஆரம்பித்த பிறகும் பயத்தில் பாதத்தின் வெளி ஓரத்தில் நடப்பார்கள். அப்படி நடந்தால் வெளி ஓரம் வலிக்க ஆரம்பிக்கும். குதிகாலில் ஊன்றி, கட்டைவிரலில் உந்தி எடுக்கிற நடை திரும்பி வர வேண்டும்.

புதுச் செருப்பு வாங்கும்போது சாயங்காலம் போங்கள். அதற்கு முன்னால் ஒரு தாளில் ஊன்றி நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளைச் செருப்பின் மேல் வைத்தால் ஓரம் எங்கேயும் வெளியே நீட்டக் கூடாது. கட்டைவிரலுக்கு வளையம் வைத்த செருப்பு வேண்டாம், வளையம் தழும்பின் மேல் உராயும். முன்பக்கம் அகலமாக, புறங்காலில் ஒட்டுகிற பட்டை, பின்னால் ஒரு வார், இவ்வளவு இருந்தால் போதும்.

எந்த நிலையில் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்? காய்ச்சல், சீழ், சிவப்பு பரவுவது, வலி நாளுக்கு நாள் ஏறுவது. சர்க்கரை இருப்பவர்கள் வலியை நம்பாதீர்கள், கண்ணால் தினமும் பாருங்கள். கெண்டைக்கால் இறுகி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனித் திருவிழா. அப்போது உங்களுக்குக் கிட்டத்தட்ட 3 மாதம் ஆகியிருக்கும், அக்கா. எக்ஸ்ரே நன்றாக இருந்தால் தாராளமாகச் சாமி பார்க்கலாம். ஆனால் தேரன்றைக்கும் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கும் கூட்டத்துக்குள் வேண்டாம், யாராவது அந்தக் காலை மிதித்தால் தாங்காது. மற்ற நாளில் மாசி வீதியில் தெரிந்தவர் கடையோ வீட்டுத் திண்ணையோ பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள், சாமி உங்கள் முன்னாலேயே வரும். கோயிலுக்குள் போவதாக இருந்தால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கட்டைவிரல் ஓரம் சிலருக்குப் பல மாதம் மரத்துப்போய் இருக்கும். சித்திரை வெயிலில் கோயிலுக்குள் இருக்கிற ஆடி வீதிக் கல் சுடுவது அந்த இடத்துக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெறுங்காலோடு முதலில் வீட்டுக்குள் பத்து நாள் நடந்து பழகிவிட்டு, பிறகு அம்மனைப் பார்க்கப் போங்கள்.

அடுத்த வாரம் எக்ஸ்ரேக்குப் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுப்படிக்கு எப்போது திரும்பலாம் என்று டாக்டர் சொல்வதை அவர்களும் காதால் கேட்கட்டும். எக்ஸ்ரே என்ன சொன்னது என்று எனக்கும் எழுதுங்கள். சரி, குதிகால் வலிக் கேள்விகளை எடுக்கலாம்.