ஜெர்சிக்குக் குடிபோகிறோம்: ஒரு க்ளாக், ஏழு மேகசின், ஒரு எடிசன் மாமி

வணக்கம் மக்களே. இன்று ரேஞ்ச் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) வீடியோ இல்லை, கார் வீடியோ. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் பையனின் நீச்சல் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஏசியை நிறுத்தினால் அவிந்துபோவேன், இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு நியூ ஜெர்சி வேலை உறுதியாகிவிட்டது. எடிசன் பக்கம். வருமான வரி, வீட்டு வரிக்கெல்லாம் போன வீடியோவிலேயே ஒப்பாரி வைத்தாயிற்று. அதன் பிறகு நீங்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "அக்கா, உங்க க்ளாக் கைத்துப்பாக்கி என்ன ஆகும்?"

நானும் ஒரு வாரமாக அதைத்தான் மண்டையில் போட்டு உருட்டுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: நான் சிவகாசிக்காரி, வெடிமருந்து வாசனை எனக்குப் புதிதில்லை. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டு வந்தால்தான் எனக்கு அந்த வாரம் முடியும். எச்1பி வேலை விசாவில் இருந்த வரைக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஃபெடரல் சட்டம் விடவில்லை. வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் மானைச் சுட எனக்கு மனசில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன்.

வாங்கிய கதை ஞாபகம் இருக்கிறதா? கடையில் ஒரு படிவம், எஃப்.பி.ஐ. சரிபார்ப்பு, அரை மணி நேரத்தில் வெளியே. பையனுக்கு நூலக அட்டை எடுக்க அதைவிட நேரமானது. டெக்சாஸில் மாநில அனுமதி கிடையாது, பதிவும் கிடையாது. 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடை இல்லாத 21 வயதுக்காரர் யாரும் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

ஜெர்சி அப்படியே நம்ம ஊர் மாதிரி. ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மனப்பான்மை. முதலில் துப்பாக்கிக்கென்றே ஓர் அடையாள அட்டை வேண்டும், அதற்கு 50 டாலர். கைரேகை, பயிற்சி எடுத்த சான்று, மனநல ஆவணங்களைப் பார்க்க நாமே எழுதிக்கொடுக்கும் சம்மதம், நம்மைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர். எல்லாம் உள்ளூர் போலீஸ் வழியாக. அங்கே போய்ப் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, 25 டாலர், 30 நாளுக்கு ஒன்றுதான். நான் வாங்கப் போவதில்லை, இருப்பதைக் கொண்டுபோகிறேன். அதற்கு 2022-ல் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் இருக்கிறது. குடிவந்த 60 நாட்களுக்குள் அட்டையை வாங்கி, துப்பாக்கியையும் பதிவு செய்துவிட வேண்டும்.

இதில் எதுவுமே எனக்குக் கோபம் இல்லை. கோபம் மேகசின் மேலேதான், அதாவது துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக் கூடு.

என் க்ளாக் 19-க்கு 15 தோட்டா மேகசின். ஜெர்சியில் 10-க்கு மேல் போனால் வைத்திருப்பதே குற்றம், வீட்டுப் பரணில் தூங்கினாலும் குற்றம். 2018 வரை 15 வரைக்கும் செல்லும், பிறகுதான் 10 ஆக்கினார்கள். என்னிடம் ஆறு மேகசின். தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடியில் சிலதை ஒவ்வொன்றும் 24.99 டாலருக்கு வாங்கினேன், பெருமையடித்து வீடியோவும் போட்டேன். எல்லாவற்றையும் விற்க எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனால், கவுன்டரில் இருந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஒன்றுக்கு ஏழு டாலர்" என்கிறார். ஏழு! பழைய பேப்பர்காரரே இதைவிட மரியாதையாக எடை போடுவார். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

இருங்கள், ஆறு இல்லை, ஏழு. துப்பாக்கியோடு வந்தது மூன்று, தள்ளுபடியில் வாங்கியது நான்கு. ஒன்று ரேஞ்ச் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடந்தது. இதே மறதியோடு அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

சரி, முடிவைக் கேளுங்கள். ரேஞ்சில் வருவாரே கரூர் அண்ணா, அவர் ஒன்றுக்கு 15 வீதம் ஏழையும் வாங்கிக்கொண்டார். 105 டாலர். அதில் 10 தோட்டா மேகசின் இரண்டு வாங்கினேன், 54 ஆனது. மீதி 51-ல் பூட்டு வைத்த பெட்டி ஒன்று, 49. கையில் இரண்டு டாலர் நிற்கிறது மக்களே! வீட்டுக்காரர், "24.99-க்கு வாங்கியதை 15-க்கு விற்றதை லாபம்னு சொல்ற ஒரே ஆள் நீதான்" என்கிறார். இவர் முதலிலிருந்தே "விற்றுத் தொலை" கட்சி, அவர் கணக்கை நான் சேர்ப்பதில்லை.

பெட்டி ஏன் என்றால், பயணம். 1986-ல் வந்த ஃபெடரல் சட்டப்படி, கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் நாம் முறைப்படி வைத்திருக்கலாம் என்றால் நடுவில் எந்த மாநிலத்தையும் கடக்கலாம். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்திருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. நம்முடையது டிக்கி தனியாக இல்லாத வண்டி, அதனால் பூட்டிய பெட்டிதான். டேஷ்போர்டு அறையைப் பூட்டி வைத்தேன் என்றால் செல்லாது. போகும் வழி மெம்ஃபிஸ், நாஷ்வில், அப்புறம் வர்ஜீனியா முழுக்க ஐ-81 நெடுஞ்சாலை. அது மேரிலாந்தில் சுமார் 12 மைல்தான் ஓடுகிறது. அந்த 12 மைலில் டீ குடிக்கக்கூட நிறுத்தக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள். கொலராடோவில் முறையாக வாங்கிய துப்பாக்கிகளோடு ஜெர்சிக்கு வந்த ஓர் இளைஞர் 2009-ல் மாட்டினார். துப்பாக்கிகள் காரின் டிக்கியில் இருந்தன, தோட்டா ஏற்றவில்லை. வீடு மாறும்போது கொண்டுபோகச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. அவர் அப்போது வீடு மாறிக்கொண்டுதான் இருந்தாரா என்பதில் வழக்கு சிக்கியது. தீர்ப்பு ஏழு வருஷம். 2010 டிசம்பரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியோடு அங்கே பிடிபட்டால் 5 முதல் 10 வருஷம் வரை. டெக்சாஸில் சாதாரணமாகச் செய்யும் காரியம் அங்கே ஜெயில். எனக்குப் பயம் இந்த இடைவெளிதான், ஒரு மாநிலப் பழக்கத்தை இன்னொரு மாநிலத்துக்குக் கையோடு கொண்டுபோகும் அந்த நாட்கள். அதனால் ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். என் வீடியோவை நம்பி யாரும் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

"அப்புறம் ஏன் அக்கா போறீங்க, இங்கேயே இருங்களேன்" என்று ரேஞ்ச் கூட்டம் கேட்கும். 2023 மே 6, சனிக்கிழமை. ஆலன் அவுட்லெட் மால். ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள், அதில் ஒருத்தி ஹைதராபாத்திலிருந்து வந்த இன்ஜினியர். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பையனுக்கு ஷூ மாற்ற அன்றைக்குப் போக இருந்தோம், இவர் தூங்கிவிட்டார். துப்பாக்கியால் சாகிறவர்கள், தற்கொலையையும் சேர்த்து, 2021-ல் டெக்சாஸில் ஒரு லட்சத்துக்கு 15-க்கு மேல், ஜெர்சியில் ஐந்து சொச்சம். சட்டம் மட்டுமே காரணம் என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அட்டைக்கு 30 நாள் காத்திருப்பதும், 10 தோட்டாவுக்கு ஒரு தடவை மேகசின் மாற்றுவதும் எனக்குப் பெரிய தியாகமாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் போன சனிக்கிழமை 10 தோட்டாவில் சுட்டபோது அவசரப்படவே இல்லை, ஓட்டையெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் விழுந்தது.

ஐயோ, மறந்தே போனேன், அட்டைக்காக என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய அந்த இரண்டு பேர்! சொந்தக்காரர் கூடாது. எடிசனில் என் அம்மாவின் பழைய பக்கத்து வீட்டு மாமி இருக்கிறார், நேற்று அவருக்கு ஃபோன் போட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "துப்பாக்கி எதுக்குடி, இங்க தோட்டத்துக்கு மான்தானே வரும்?" என்றார். பாதிக் கதை சொல்லி முடித்ததும் சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, நவராத்திரிக்கு அதை அவர் வீட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது. இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பையன் தலையைத் துவட்டாமலே ஓடி வருகிறான், சீட்டெல்லாம் ஈரமாகப் போகிறது. வைக்கிறேன்.