கணக்கு நோட்டு எல்லோர் கைக்கும் வரட்டும்

சென்னை தரமணியில் கணினி ஆய்வாளர் சங்கமொன்றின் பொதுக்குழுவில், பொருளாளர் தேர்தலையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இந்த மழையிலும் வேளச்சேரித் தண்ணீரைத் தாண்டி வந்திருக்கும் நண்பர்களே, மாணவர்களே, வணக்கம்.

பொருளாளர் பதவிக்கு நிற்கிறேன் என்றதும் ஒரு மூத்த பேராசிரியர், "ஆய்வை விட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கப் போகிறாயா அம்மா?" என்று அக்கறையோடு கேட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் அமைப்பின் மாநாட்டில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ரயில் டிக்கெட், விடுதி ரசீது, ஆட்டோ ஓட்டுநர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த தொகை என எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் குண்டூசி குத்தியிருந்தாள். "மேடம், பயணப்படி எப்போது கிடைக்கும்? அம்மாவின் கம்மல் அடகில் இருக்கிறது" என்றாள். அன்று பிற்பகல் அவள் வாசித்த கட்டுரை அந்த அரங்கின் மிகச் சிறந்த கட்டுரைகளில் ஒன்று. பணம் அவள் கைக்கு ஐந்தாம் மாதம்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை கம்மலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

மற்றத் துறைகளில் ஆய்விதழ்தான் பெரிது. நம் துறையில் மாநாடுதான் பெரிது. கட்டுரை ஏற்கப்பட்டால் ஆசிரியர்களில் ஒருவராவது பணம் கட்டிப் பதிவு செய்து, நேரில் வந்து வாசிக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் விதி. ஆகவே யாருடைய ஆய்வு மேடை ஏறும் என்பதை, தேர்வுக் குழு முடிவு செய்த பிறகு, பொருளாளரும் ஒருமுறை முடிவு செய்கிறார். ஆய்வை விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை, ஐயா.

பயணப்படி ஏன் தாமதமாகிறது? யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அரங்குக்கு மாதக்கணக்கில் முன்பே முன்பணம் கட்ட வேண்டும். சமையல்காரரிடம் பத்து நாளுக்கு முன்பே இலைக் கணக்குச் சொல்ல வேண்டும். பதிவுக் கட்டணமோ கடைசி இரவில்தான் வந்து கொட்டுகிறது. நடுவில் வங்கிக் கணக்கு வறண்டு கிடக்கும். அந்த வறட்சியை மாணவர் தலையில் இறக்கிவிடுகிறோம், ஏனென்றால் அவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. நம் வைப்புத்தொகையில் ஒரு சிறு பகுதியைச் சுழல்நிதியாக எடுத்து, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே படியைக் கொடுத்துவிடலாம். மாநாடு முடிந்து உபரி வந்ததும் நிதியை நிரப்பிவிடலாம். அறநோக்கு அமைப்பாக வரிவிலக்குப் பெற்ற சங்கம், ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்து வைக்க முறைப்படி காரணம் எழுதித் தர வேண்டும். சட்டமே செலவிடச் சொல்லும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. அமெரிக்காவின் யூஸ்னிக்ஸ் என்னும் கணினியாளர் சங்கம் 2008-லேயே தன் மாநாட்டுக் கட்டுரைகளைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 1981 முதல் நடக்கும் கோட்பாட்டுக் கணினியியல் மாநாட்டின் கட்டுரைகளும் 2008 முதல் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. திறந்து வைப்பதற்கும் செலவு உண்டு. அதை எழுதியவரிடம் வசூலித்தால், படிப்பவருக்குத் திறந்த கதவை எழுதுபவருக்கு மூடியதாகிவிடும். சங்கம்தான் ஏற்க வேண்டும்.

இனி கணக்கு. உத்திரமேரூர் இங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலையில் ஏறக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஏறக் கூடாது. கல்லில் வெட்டியது, வருவோர் போவோரெல்லாம் படிக்கட்டும் என்றுதானே! நாமோ வரவு செலவு அறிக்கையைப் பொதுக்குழு நாளன்று சிற்றுண்டிப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். காபி ஆறுவதற்குள் கை தூக்கி நிறைவேற்றுகிறோம். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் வந்தால், தணிக்கை முடிந்த அறிக்கை 21 நாள் முன்னதாக ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் இருக்கும். மாநாடுவாரியாக, சாப்பாடு எவ்வளவு, அரங்கு எவ்வளவு, மாணவருக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். எந்த வவுச்சரையும் எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.

வாசல் மேசையில் என் வரைவு வரவு செலவுத் திட்டத்தின் படிகளை வைத்திருக்கிறேன். சுழல்நிதி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பென்சிலும் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டல் தவறோ கணிப்புத் தவறோ கண்ணில் பட்டால் குறித்து, வாக்குப்பதிவு தொடங்கும் முன் என்னிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.