ஒரே கோலமா, ஆளுக்கொரு மேசையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பினாங்கு வாழ் தமிழ் மக்களே, வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கலைக்கூடத்தில் நடக்கும் சமூகக் கலை மாலைக்கு ஏற்றது எது? எல்லாரும் கூடிப் போடும் ஒரே பெரிய கோலமா, ஆளுக்கொன்று செய்து வீட்டுக்கு எடுத்துப் போகும் மேசைப் பட்டறைகளா? கோலத்தின் பக்கம் நின்று பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் பாத்தேக்கைக் கையில் எடுத்தார், துணியில் மெழுகுக் கோட்டால் சாயத்தைத் தடுத்து வண்ணம் தீட்டும் கலை அது. பாத்தேக்கை ஓவியக் கலையாக உயர்த்திய சுவா தியன் தெங் 1950-களில் இந்தப் பினாங்கில் இருந்துதான் வரைந்தார், அந்த ஊரில் பாத்தேக் மேசை இல்லாமல் ஒரு கலை மாலையா என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்ட வேண்டிய பெயர்தான். ஆனால் ஐயா, கடிகாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குக் கதவைச் சாத்த வேண்டும். இருப்பது மூன்று மணி நேரம்.

அதற்குள் பாத்தேக்கில் என்னென்ன நடக்க வேண்டும்? துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பென்சிலில் வரைந்து, சாந்திங் என்ற சின்ன மூக்குள்ள மெழுகுப் பேனாவில் உருகிய மெழுகை மொண்டு கோடு இழுக்க வேண்டும். மெழுகு ஆறிப்போனால் துணிக்குள் இறங்காமல் மேலேயே வெளுப்பாக நிற்கும். அந்த இடத்தில் சாயம் அடுத்த பூவுக்குள் கசியும். சூடு மிஞ்சினால் கோடு அகலமாகப் பரவிவிடும். சரியாக இறங்கியதா என்று துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்புறம் சாயம், அது காய வேண்டும். காய்ந்த பிறகு, சாயம் துணியில் நிற்பதற்காகச் சோடியம் சிலிகேட் பூசிப் பல மணி நேரம் விட வேண்டும், பலர் ஓர் இரவு விடுவார்கள். பிறகு அலசல், அதன் பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பது. மூன்று மணி நேரத்தில் சாயம் காய்ந்தாலே பெரிய விஷயம்!

இது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியாததல்ல. அதனால் என்ன செய்கிறார்கள்? மெழுகுக் கோடு ஏற்கெனவே போட்ட துணியைக் கொண்டுவந்து கொடுத்து, உள்ளே வண்ணம் மட்டும் தீட்டச் சொல்கிறார்கள். கஷ்டமான வேலையை வேறொருவர் பட்டறையில் முடித்துவிட்டார். வந்தவர்கள் செய்வது கட்டத்துக்குள் கலர் அடிப்பது. அதையும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். சிலிகேட் காணாத சாயம் முதல் சலவையிலேயே வாளித் தண்ணீரில் கரைந்து போகும். களிமண் மேசையும் இந்தக் கதைதான்: காய நாள் கணக்கு, சுட சூளை.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். நம் பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடுகிறார்களே, நிறம் ஏற்றிய அரிசிக் கோலம், அதைத்தான் சொல்கிறோம். 3 மீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்தால் தரை தெரியாது. அதற்குச் சுமார் 17 கிலோ பிடிக்கும். சிந்துவதும் சேர்த்து 20 கிலோ. வெள்ளை 6 கிலோ, மீதியை ஆறு நிறமாகப் பிரிக்கலாம். நொய்யரிசி போதும். விலையும் குறைவு, முழு அரிசியைவிட நெருக்கமாகவும் படியும். புழுங்கலரிசி மட்டும் வேண்டாம், அதன் பழுப்பில் நீலம் பச்சையடிக்கும்.

ஒரு கிலோவுக்கு உணவுக் கலர் பவுடர் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி. கரைத்து, அரிசியோடு பையில் போட்டுக் குலுக்கி, பழைய படுக்கை விரிப்பில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு. இந்த ஓர் இரவைக் குறைக்கப் பார்த்தால்தான் வம்பு. நம் ஊர் ஈரக் காற்றில் அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் கட்டி கட்டியாகும், புளித்த வாடை அடிக்கும், கோலத்தில் சிவப்பு பக்கத்து வெள்ளையில் ஊறும். எதிரணியில் ஒருவர், அரிசி எதற்கு, கல்லுப்புப் போதாதா என்றார். மழை பெய்யும் மாலையில் அதைப் போட்டுப் பாருங்கள், நீர் விட்டுக் கசியும்.

புள்ளிக் கோலமும் இதற்கு ஆகாது. ஒரு புள்ளி தவறினால் இழை முழுவதும் பிசகும், அறுபது கைகள் சேரும் இடத்துக்கு அது பொருந்தாது. நடுவில் ஒரு நூலைப் பிடித்து, மறுமுனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி வட்டம் போட்டு, எட்டுப் பாகமாகப் பிரித்து, பூவும் கொடியும் மயிலும் வரைந்தால் போதும். சாமி உருவம் வேண்டாம். நடக்கும் தரை, எல்லா மதத்தவரும் கலந்து உட்காரும் இடம்.

வேலை உள்ளிருந்து வெளியே வர வேண்டும். நடுவில் 1 மீட்டர் வட்டத்தைக் கைதேர்ந்த இருவர் கதவு திறக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். அடுத்த வளையத்துக்கு எட்டுப் பேர், வெளி வளையத்துக்குப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்து மாற்றிக்கொண்டே போனால் அறுபது பேருக்குக் குறையாமல் கை வைப்பார்கள். வெளியே முதலில் நிரப்பிவிட்டால் உள்ளே போகக் கால் வைக்க இடமிருக்காது. முதல்முறை நடத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிரப்புவதற்கு, வாயைக் கிள்ளி மடித்த காகிதக் கோப்பை. விளிம்பு ஒழுங்குக்கு, ஐஸ்கிரீம் குச்சி.

இனி என் பெரிய வாதம், நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். மெழுகு ஒரு சொட்டு தவறி விழுந்தால் அந்தத் துணியில் அதை ஒளிக்கவே முடியாது. அரிசி தவறினால்? கரண்டியால் அள்ளிவிட்டு மறுபடியும் போடலாம். அதனால்தான் ஐந்து வயதுப் பிள்ளையும், கண் மங்கிய பாட்டியும், கோலத்தைத் தொட்டே பார்க்காத சீன அங்கிளும் அருகருகே உட்கார முடிகிறது. அங்கிளின் இதழ் கோணினால் பாட்டி குச்சியை நீட்டித் தட்டிச் சரிசெய்வார். மேசையில் அவரவர் துணிக்குள் அவரவர் குனிந்திருந்தால் இது நடக்குமா?

நம் ஊர் ஆர்மீனியன் தெருச் சுவரில் 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளை எதிரணி உதாரணம் காட்டியது, மக்கள் கலையோடு கலக்கிறார்களாம். வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஓவியம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சுவரில் அவர்கள் ஒரு கோடும் போடவில்லையே!

உணவை வீணாக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் சிரிக்க மாட்டேன். அது சரியான கேள்வி. முடிந்ததும் வெளி விளிம்பிலிருந்து நிறம் நிறமாகத் தட்டில் அள்ளினால் பெரும்பகுதி அடுத்த நிகழ்ச்சிக்கு உதவும். கலந்துபோவது எல்லைக் கோட்டில் இருப்பது மட்டும்தான். அள்ளியதை மூடியுள்ள டப்பாவில் காற்றுப் புகாமல் வைக்காவிட்டால் வண்டு வரும். அடியில் தார்ப்பாய் விரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கடைவீட்டுத் தரை ஓடுகளில் சாயம் இறங்கிவிடும். துடைப்பம் முதலில், ஈரத் துணி பிறகு. மாற்றிச் செய்தால் தரையே கோலமாகிவிடும்.

கையில் கொண்டுபோக ஒன்றும் இல்லையே என்று எதிரணித் தலைவர் வருத்தப்பட்டார். ஐயா, அடுத்து நீங்கள்தான் எழுந்து பேசப் போகிறீர்கள். வீட்டுக்குப் போன அந்த ஈரத் துணிக்கு யார் சிலிகேட் பூசுவது, யார் அடுப்பில் பானை வைத்து மெழுகைக் கொதிக்க விட்டு எடுப்பது? அதைச் சொல்லிவிட்டுத் தீர்ப்புக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.