இரண்டு நாளில் ஓர் அத்தியாயம்: தொலைக்காட்சி நாடகத்தின் முதல் வரைவு

[திரை: மேசை. வெற்று மட்டைகள் பன்னிரண்டு, பேனை, கைத்தொலைபேசி.]

குரல்: முதல் வரைவு இழுபடுவதற்குக் கை மெதுவாக ஓடுவது காரணமல்ல. எழுதும்போதே கதையையும் யோசிப்பதுதான் காரணம். இரண்டையும் பிரித்துவிட்டால், 22 நிமிட அத்தியாயம் ஒன்றை இரண்டு நாளில் எழுதிவிடலாம். அரைமணி ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கதையை மட்டையிலேயே முடித்துவிடுங்கள். காட்சிக்கு ஒரு மட்டை, மொத்தம் 12. எந்த இடம், எந்த நேரம், யாருக்கு என்ன வேண்டும், யார் மறிக்கிறார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத மட்டையைக் கிழித்துப் போடுங்கள். தேத்தண்ணி குடித்தபடி ஊர்க்கதை கதைக்கிற காட்சிகள் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். விழட்டும்.

[திரை: ஒரு மட்டை, நெருக்கத்தில்.
காட்சி 4. உள்ளே. கோண்டாவில் வீடு. இரவு.
மகளுக்கு வீட்டு உறுதி வேண்டும். அம்மா அலுமாரித் திறப்பைத் தர மறுக்கிறார்.
முடிவில்: உறுதி வீட்டில் இல்லை என்று மகளுக்குத் தெரியவருகிறது.]

குரல்: 4ஆம், 8ஆம் மட்டைகளுக்குப் பிறகு விளம்பரம் வரும். அந்த இரண்டும் பதிலோடு முடிந்தால் பார்ப்பவர் வேறு சனலுக்குப் போய்விடுவார். கேள்வியோடு முடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் கதையைத் தாங்கும் தகவல்களை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் உதாரணக் கதையில், மகன் வெளிநாடு போக அம்மா வீட்டை இரகசியமாக ஈடு வைக்கிறார். வீடு அவருடைய சீதனம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை பொருந்தும் குடும்பத்தில், மனைவி தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோகூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். அப்பா உயிரோடிருந்தால் கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடும். அல்லது அப்பாவும் கையெழுத்து வைத்திருக்கிறார், இத்தனை நாள் தெரியாததுபோல் இருந்திருக்கிறார் என்று வைக்கலாம். 8ஆம் மட்டையின் முடிவு அப்படியே கையில் கிடைக்கிறது. எழுதி முடித்தபின் இது தெரியவந்திருந்தால் பாதி வரைவு குப்பைக்கு.

ஈட்டு வட்டி எத்தனை வீதம், நொத்தாரிசு அலுவலகத்தில் மேசை எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

[திரை: கணினி. நேரங்காட்டி 25:00இலிருந்து இறங்குகிறது.]

குரல்: காட்சிக்கு 25 நிமிடம். நாளுக்கு ஆறு காட்சி, அதாவது இரண்டரை மணித்தியாலம். மணி அடித்தால் அரைகுறையாக இருந்தாலும் அடுத்த காட்சி. மேலே போய் வாசிக்கக் கூடாது. வாசித்தால் திருத்துவீர்கள், முதற்காட்சி பளபளக்கும், பன்னிரண்டாம் காட்சி பிறக்கவே பிறக்காது.

தெரியாத இடத்தில் மூன்று சதுரக்குறி போட்டுவிட்டு நகருங்கள். வசனம் வராவிட்டால் நோக்கத்தை எழுதுங்கள்.

[திரை:
மகள்: திறப்பு எங்கையம்மா?
அம்மா: விடியப் பாப்பம். நீ போய்ப் படு.
மகள்: ### வட்டிக் கடிதத்தைப் பற்றிக் கேக்கிறாள்
அம்மா: (பொய் சொல்லுறா, ஆனால் நம்புற மாதிரி)]

குரல்: வசனத்தை முதலிலேயே நீங்கள் வீட்டில் கதைக்கிறபடி எழுதுங்கள். சென்னைச் சீரியல் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவது இரட்டை வேலை. சொற்கள் மாறினாலும் வசனத்தின் ஓட்டம் அங்கேயே நிற்கும்.

"அண்ணா, இந்த வீடு அம்மாட சீதனமெண்டு உனக்குத் தெரியுந்தானே" என்று ஒரு வசனம் வந்து விழும். தெரிந்த ஆளுக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற வசனம். அழிக்காதீர்கள். பார்ப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்பதை அது உங்களுக்குக் காட்டுகிறது. இரண்டாம் வரைவில் அதை ஒரு பொருளாகவோ சண்டையாகவோ மாற்றலாம்.

யூனிகோடில் தட்டுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். நடிகருக்கு அனுப்பியபின் தெரியவந்தால் மானம் போகும். பாமினி விசைகளில் பழகிய கைகளுக்கு, அதே விசைகளில் யூனிகோடாக அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் உதவும்.

[திரை: இருவர் பிரதியை வாசிக்கிறார்கள். போனில் நேரம் ஓடுகிறது.]

குரல்: பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை நம்ப வேண்டாம். அது கூரியர் என்ற எழுத்துருவில், 12 புள்ளி அளவில், அமெரிக்கப் பிரதி அமைப்பில் அடித்த ஆங்கிலத்துக்கு உரியது. தமிழில் சொற்கள் நீளம், எழுத்துருவும் வேறு. ஒரு நாள் ஆறவிட்டு, இருவர் சத்தமாக வாசிக்க நேரம் எடுங்கள். பேச்சில்லாத செயல்களையும் நடித்துப் பாருங்கள். அலுமாரியைத் திறந்து தேடுவது எழுத்தில் ஒரு வரி, திரையில் 20 விநாடி.

வாசிப்பு 27 நிமிடம் வந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வசனங்களைக் கிள்ளாதீர்கள். அப்படிக் கிள்ளி ஐந்து நிமிடம் எடுத்தால் எல்லாக் காட்சியும் மூச்சு வாங்கும். மட்டைகளைத் திரும்பப் பரப்பி, இரண்டு காட்சியை முழுதாகத் தூக்குங்கள். அவற்றிலிருந்த தவிர்க்க முடியாத தகவல் ஒன்றிரண்டை மிச்சமுள்ள பத்தில் செருகுங்கள். அதற்குப் பிறகு கணினியில் ### என்று தேடி, ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கலாம்.