ஒத்துக்கிட்டவனை எப்படிங்க விட்டாங்க? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் நிறைய கேள்வி வந்திருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ளயே குடைஞ்சுக்கிட்டு இருக்கு, அதை முதல்ல எடுத்துக்கிறேன்.

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா. அவங்க வாசகர் வட்டத்துல டெல்லி பக்கத்துல நொய்டாவுல நடந்த நிதாரி கொலைகளைப் பத்தின புத்தகம் ஒண்ணு படிச்சிருக்காங்க. பாதிப் பேருக்கு எழுதினவர் மேல கோபம், "கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குறாரு"ன்னு. மீதிப் பேருக்குக் கோர்ட்டு மேல கோபம். ரெண்டு பேரு பாதியிலயே மூடி வச்சுட்டாங்களாம், செத்ததுல முக்காவாசி சின்னப் பிள்ளைங்க, படிக்க முடியலைன்னு. அவங்களை யாரும் கேலி பண்ணாதீங்க. அம்மாவோட கேள்வி: "அவனே வாயால ஒத்துக்கிட்டான்னு புத்தகத்துல போட்டிருக்கே, அப்புறம் எப்படி சார் விட்டாங்க?"

நம்ம பழைய வீடியோ பாத்தவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. ஆமா, திரும்பவும் மகஜர் கதைதான். மகஜர்னா, பொருளை எடுத்த இடத்துலயே சாட்சிகளை வச்சு போலீஸ் எழுதி கையெழுத்து வாங்குற குறிப்பு.

போலீஸ்காரர்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்டுல செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்துல 25ஆவது பிரிவு, இப்ப 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 23. இதுக்கு ஒரே ஒரு சந்து உண்டு, பழைய 27ஆவது பிரிவு. போலீஸ் காவல்ல இருக்கிறவன் சொன்னதை வச்சு ஒரு பொருள் கிடைச்சா, அந்தப் பொருளுக்கு நேரடியா கூட்டிட்டுப் போன வார்த்தை மட்டும் உள்ள வரும். போன தடவை சொன்ன உதாரணம்தான். "மாட்டுக் கொட்டகைக் கூரையில அரிவாளைச் செருகி வச்சிருக்கேன், அதாலதான் வெட்டினேன்." முதல் பாதி செல்லும். "அதாலதான் வெட்டினேன்" செல்லாது. அரிவாள் அங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும், அம்புட்டுத்தான் நிரூபணம். வெட்டினான்ங்கிறதை வேற சாட்சி சொல்லணும். சுதந்திரத்துக்கு முன்னாடியே குண்டூர்ப் பக்கத்து வழக்குல பிரிவி கவுன்சில், அதாவது அன்னைக்கு நமக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டா லண்டன்ல இருந்தது, தீர்த்து வச்ச விஷயம் இது.

இப்ப நிதாரிக்கு வாங்க. 2006 டிசம்பர் கடைசியில நொய்டாவுல ஒரு வீட்டுப் பின்னாடி சாக்கடையில மண்டை ஓடும் எலும்பும் எடுத்தாங்க. அந்த வீட்டு வேலைக்காரர் சுரேந்திர கோலி சொல்லித்தான் எடுத்தோம்னு போலீஸ் சொல்லுச்சு. சரி, அவர் சொன்னதை அந்த நேரத்துலயே முறையா எழுதி வச்சாங்களா? இல்ல. இடம் எப்படி? திறந்த சாக்கடை, யாரு வேணும்னாலும் போகலாம் வரலாம். கொட்டகைக் கூரை அரிவாளை நினைச்சுப் பாருங்க, அது அவனுக்கு மட்டும் தெரிஞ்ச இடம். ஊருக்கே தெரிஞ்ச சாக்கடைக்கு 27ஆவது பிரிவு எப்படிப் பொருந்தும்?

மாஜிஸ்திரேட்கிட்ட குடுத்த வாக்குமூலம் இருக்கேன்னு கேப்பீங்க. அது செல்லும், ஆனா தானா மனசு வந்து குடுத்திருக்கணும். "நீ சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொன்னா உனக்கு எதிராவே திரும்பும்"னு மாஜிஸ்திரேட் எச்சரிக்கணும், யோசிக்க அவகாசம் குடுக்கணும். இவர் விஷயத்துல 2007 மார்ச் 1ஆம் தேதி எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி 60 நாள் போலீஸ் காவல், உருப்படியான வக்கீல் உதவி இல்ல, மருத்துவப் பரிசோதனை இல்ல. அதனாலதான் 2023 அக்டோபர்ல அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குல தூக்குத் தண்டனையை ரத்து பண்ணி விடுதலை குடுத்துச்சு.

ஒரு வழக்கு மட்டும் மிச்சம் நின்னுச்சு. அதே வாக்குமூலம், அதே சாக்கடை, ஆனா அதுல 2011லயே உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி பண்ணியிருந்துச்சு. ஒரே காகிதம் 12 இடத்துல செல்லாதாம், 13ஆவது இடத்துல மட்டும் செல்லுமாம்! 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து பண்ணிருச்சு. அதனால வாசகர் வட்டத்துல இனிமே அவரைக் "கொலைகாரன்"னு சொல்றது சட்டப்படியே தப்பு. அப்ப அத்தனை பிள்ளைங்களையும் கொன்னது யாரு? சட்டம் ஏத்துக்கிற மாதிரி அது நிரூபிக்கப்படவே இல்லைன்னு அதே தீர்ப்புல வருத்தப்பட்டிருக்காங்க. கோபம் வரணும்னா அந்த வரியில வரணும், வாக்குமூலப் பக்கத்துல இல்ல.

அம்மா, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "மகஜர்ல கையெழுத்துப் போட்டது யாரு, எத்தனை மணிக்கு?" நம்ம பக்கம் கொலை வழக்குத் தீர்ப்பு எதை எடுத்தாலும் பெரும்பாலும் விஏஓவும் தலையாரியும்தான் சாட்சி. "விஏஓகிட்ட வந்து சரணடைஞ்சான், அவர் எழுதி வாங்கினார்"னு வரும். போலீஸ் விசாரணை தொடங்கினதுக்கு அப்புறம் விஏஓ அப்படி எழுதி வாங்கினா சந்தேகம் வரும். அப்படியும் எழுதுவாங்க, எதிர்த் தரப்பு வக்கீல் அங்கதான் பிடிப்பார்.

அதனால இந்த மாதிரிப் புத்தகம் படிக்கும்போது பென்சில் ஒண்ணு கையில வச்சுக்கோங்க. நத்தம் ரோடு லைப்ரரியில எடுத்த புத்தகம்னா பென்சில் வேணாம், துண்டுச் சீட்டு வைங்க. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துல அது எங்க இருந்து வந்ததுன்னு குறிங்க: ஸ்டேஷன், மாஜிஸ்திரேட், மகஜர், டாக்டர், தீர்ப்பு. எதுவுமே குறிக்க முடியலைன்னா அது எழுதினவர் கற்பனை. அப்புறம் நாலு நேரத்தை மட்டும் தனியா எழுதுங்க. கைது எப்ப, வாக்குமூலம் எப்ப, மகஜர் எப்ப, பொருள் பாரம் 95ல (பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்புற படிவம்) கோர்ட்டுக்குப் போனது எப்ப. காலையில அரிவாள் கிடைச்சு மத்தியானம் கைதுன்னு இருந்தா வழக்கு அங்கயே ஓட்டை. பொருள் ரெண்டு வாரம் ஸ்டேஷன்லயே கிடந்திருந்தா, அதுல இருந்த ரத்தக் கறையைப் பத்தி வக்கீல் கேக்குற முதல் கேள்வி என்னன்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல.

எழுதினவர் வக்காலத்து வாங்கினாரான்னு கேட்டீங்களே, அவர் அந்த நாலு நேரத்தையும் குடுத்திருக்காரான்னு பாருங்க. குடுத்திருந்தா அவரைத் திட்ட ஒண்ணும் இல்ல. அடுத்த கேள்வி உசிலம்பட்டியில இருந்து, பிறழ் சாட்சி பத்தி.